வலப்பக்கத்து மரியாதை

காரமடைக்கு மேற்கே கறிவேப்பிலைத் தோட்டம் வைத்திருந்த செங்கோடனுக்கு மரியாதை என்றால் உயிர். வழியில் படுத்துக் கிடக்கும் எருமையைக்கூட "கொஞ்சம் நகுந்துக்குங்க" என்று சொல்லித்தான் எழுப்புவார் என்று ஊருக்குள் கேலி பேசுவார்கள். அது முழுப் பொய்யும் அல்ல. கல்யாணப் பந்தியில் இலை போட்டு, சோறு போட்டு, எதிரில் உட்கார்ந்தவர் கை வைத்த பிறகுதான் இவர் கை வைப்பார். எதிரில் உட்கார்ந்தவரும் கொங்கு நாட்டுக்காரர்தானே, அவரும் இவருக்காகக் காத்திருப்பார். இரண்டு பேருக்கும் ரசம் ஆறிப்போகும்.

அப்படிப்பட்டவர் ஓர் ஆடி மாதக் காலையில், மனைவி ராசாத்தாளின் பிறந்த வீட்டுச் சீராக வந்த காளையை வண்டியில் ஏற்றி, அந்தியூர்த் தேர்த் திருவிழா மாட்டுச் சந்தைக்கு விற்கக் கொண்டுபோனார். சீர் மாட்டை விற்பது லேசான காரியமா? இரண்டு வாரமாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அந்தக் காளையால் பட்ட அவமானம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால், புது வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று ராசாத்தாளின் அண்ணன் நஞ்சப்பன் காங்கயத்துப் பக்கமிருந்து சீர்த் தட்டுகளோடு வந்தார். தட்டுகளுக்குப் பின்னால், கொம்பில் பூச் சுற்றிய ஒரு கறுத்த இளங்காளையும் வந்தது. செங்கோடனுக்கு ரேக்ளாப் பந்தயத்தில் மாட்டு வண்டி ஓட்டுவதில் இருந்த பைத்தியம் நஞ்சப்பனுக்குத் தெரியும். வீட்டில் ஏற்கெனவே மயிலை என்று ஒரு வெள்ளைக் காளை நின்றது. அதற்குச் சோடியாக இந்தக் காரி.

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். செங்கோடனும் பார்க்கவில்லை. ஆனால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மாட்டுக்காரர்கள் யாரும் முதலில் கேட்கிற கேள்வி அது: வலத்து மாடா, இடத்து மாடா? நுகத்தடியில் எந்தப் பக்கம் பூட்டிப் பழக்கியது என்று கேட்காமல் எவனும் மாட்டை வண்டியில் பூட்டமாட்டான். செங்கோடன் கேட்கவில்லை. கேட்கவே தோன்றவில்லை என்பதுதான் உண்மை. புது மருமகள்கூட வலது காலை எடுத்து வைத்துத்தான் வீட்டுக்குள் வருகிறாள். மச்சான் கொடுத்த காளையை இடப்பக்கம் பூட்டினால் அவர் என்ன நினைப்பார்? வலப்பக்கம்தான் மரியாதை. அன்று முதல் காரி நுகத்தில் வலப்பக்கம், கட்டுத்தரையில் வலப்பக்கம். மயிலையை இடப்பக்கம் மாற்றினார். அதற்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான்.

மயிலை அப்படி ஒரு பிறவி. புதிதாக ஒரு தொட்டி வைத்தால் முதலில் தலையை உள்ளே விட்டுவிட்டு, அப்புறம்தான் அது என்னவென்று யோசிக்கும். காரியோ ஆற அமரப் பார்க்கிற பிராணி. கட்டுத்தரையில் நேற்று இல்லாத சாக்குப் பை ஒன்று இன்று கிடந்தால், அதை நின்று பார்த்து, மோந்து, திரும்பவும் பார்த்து, அது சாக்குப் பைதான் என்று மனசு சமாதானமான பிறகுதான் தண்ணீரில் வாய் வைக்கும்.

"கோழை மாடு," என்றார் செங்கோடன்.

"கோழை இல்லீங்க. சாக்கிரதை," என்றாள் ராசாத்தாள்.

வீட்டில் ஓட்டிப் பழக்கும்போது குறை சொல்ல முடியாது. தோட்டத்து மண் தடத்தில் இரண்டும் பிய்த்துக்கொண்டு போகும். ரேக்ளாவில் கூட்டத்தைக் கண்டதும்தான் காரிக்குப் பேய் பிடிக்கும். பயந்த மாடு கூட்டத்தை விட்டு விலகி ஓடுவதுதானே வழக்கம்? இது தலைகீழ். வலப்பக்கம் நிற்கிற கூட்டத்தின் பக்கமே கழுத்தை முழுக்க வளைத்து, மயிலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, தடத்தை விட்டுக் கூட்டத்துக்குள்ளேயே போகப் பார்க்கும். போன தை மாதம் பஞ்சுமிட்டாய்க்காரர் ஒருவரின் கம்பத்தைச் சாய்த்துவிட்டு நின்றது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் மைக்கில் பேசிக்கொண்டிருந்தவன், "காரமடை வண்டிக்குப் பசி போலிருக்குதுங்க!" என்று சொல்லிவிட்டான். மைதானமே சிரித்தது. செங்கோடன் மிட்டாய்க்காரரிடம் மன்னிப்புக் கேட்ட நேரத்தில் அடுத்த நான்கு வண்டிகள் ஓடி முடித்துவிட்டன.

ஒவ்வொரு பந்தயத்துக்கும் நஞ்சப்பன் வருவார். ஓட்ட முடிவில் தோளில் துண்டோடு நிற்பார். காரி தடம் மாறும்போதெல்லாம் அவர் முகம் ஒரு மாதிரி ஆகும். ஏதோ சொல்ல வாயெடுப்பார். பிறகு, "பரவால்லீங்க மாப்ளே, அடுத்த வாட்டி பாத்துக்கலாமுங்க," என்று துண்டை உதறிப் போட்டுக்கொள்வார். செங்கோடனுக்கு அந்தப் 'பரவால்லீங்க' சவுக்கடியைவிட வலித்தது. அவர் கொடுத்த சீரை அவர் கண் முன்னாலேயே உருப்படாமல் வைத்திருக்கிறோமே என்று குறுகிப்போவார்.

ஒரு நாள் சாயங்காலம் தவிடு கலக்கிக்கொண்டிருந்த ராசாத்தாள் சொன்னாள்: "ஏனுங்க, இந்தக் காரி எதையுமே எடது கண்ணுலதானுங்க பாக்குது. நான் வலப்பக்கமா வந்தாலும் தலையை முழுசாத் திருப்பி எடது கண்ணைக் கொண்டாந்து பாக்குது. நடக்க எடுத்தாலும் மொதல்ல எடது காலுதானுங்க. மண்ணைப் பறிச்சாலும் எடது காலு. மயிலை அப்பிடி இல்லீங்க."

"அப்பிடீங்களா அம்மணி? சரி, சரி," என்றார் செங்கோடன், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

செங்கோடனின் 'சரி, சரி' ராசாத்தாளுக்குப் பழக்கம். ஒருநாளும் அவர் அவளை எடுத்தெறிந்து பேசியதில்லை. அவள் சொன்னதை மறுத்ததும் இல்லை. மறுக்க வேண்டுமென்றால் முதலில் காதில் விழ வேண்டுமே.

அந்தியூர் போவதென்று முடிவானபோது அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. "நானும் வாரேனுங்க," என்றாள். அவ்வளவுதான். செங்கோடனுக்கு உள்ளூர நிம்மதி. விற்று முடித்த பிறகு நஞ்சப்பனிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அதைத் தள்ளிப்போட்டிருந்தார்.

பிக்கப் வண்டியைச் செங்கோடனே ஓட்டினார். ராசாத்தாள் பக்கத்தில். பின்னால் காரி மட்டும். மயிலை இல்லாமல் அது தனியாக வண்டி ஏறியது அதுதான் முதல் தடவை. புளியம்பட்டி தாண்டிச் சத்தியமங்கலத்தில் டீ குடிக்க நிறுத்தி இறங்கிப் பார்த்தால், முன்னால் பார்க்கக் கட்டியிருந்த காளை கயிறு இடம் கொடுத்த மட்டும் சுற்றி, வாலை முன்னாலும் தலையைப் பின்னாலுமாக வைத்து நின்றது.

"இதென்னடா கூத்து," என்று செங்கோடன் ஏறி அதை நேராகத் திருப்பி நிறுத்தினார். இறங்கி டீயைக் கையில் வாங்குவதற்குள் அது பழையபடி திரும்பிக்கொண்டது.

மைசூர் ரோட்டிலிருந்து இறங்கும் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏர்ஹாரன் அடித்துக்கொண்டு போயின. மற்ற நாளாக இருந்தால், காரி மயிலையோடு ஒட்டி நின்று வெடவெடத்துச் சாணி கழிந்திருக்கும். இன்று ஒவ்வொரு லாரியையும் வரும்போதே பார்த்தது. காதை ஒரு தரம் ஆட்டியது. அசை போட்டது. ரோட்டுப் பக்கம் இருந்தது அதன் இடது கண்.

செங்கோடன் மனைவியைப் பார்த்தார். அவள் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். சொன்னதைத் திரும்பச் சொல்வதில் அவளுக்கு நம்பிக்கை போய் வெகுகாலம் ஆகிவிட்டது.

"மயிலை தொந்தரவு இல்லாம நிம்மதியா நிக்குது போல," என்றார் அவர்.

"இருக்குமுங்க," என்றாள் அவள்.

அந்தியூரில் சந்தை நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் குதிரைகள், ஒரு பக்கம் காளைகள், நடுவில் கயிறும் சலங்கையும் விற்கிற கடைகள். புழுதி கண்ணை மறைத்தது. காரியைப் புளியமரத்தடியில் கட்டி அரை மணி ஆவதற்குள், பவானிக்காரர் தமிழ்ச்செல்வன் வந்து நின்றார். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். ரேக்ளா ஓட்டுகிறவர் என்பது நிற்கிற தோரணையிலேயே தெரிந்தது. சுழி பார்த்தார், குளம்பு பார்த்தார். அப்புறம் அந்தக் கேள்வி வந்தது.

"வலத்துங்களா, இடத்துங்களா?"

"வலத்துங்க," என்றார் செங்கோடன் பெருமையாக.

தமிழ்ச்செல்வன் உதட்டைப் பிதுக்கினார். "எங்கிட்ட வலத்துக்கு மாடு இருக்குதுங்க. இடத்து மாட்டுக்குத்தான் வயசாயிப்போச்சு. சும்மா ஒருக்கா இடப்பக்கம் பூட்டிப் பாக்கலாமுங்களா? வண்டி கொண்டாந்திருக்கேன்."

செங்கோடனுக்கு மறைத்து விற்கத் தெரியாது. "தம்பி, உள்ளதைச் சொல்லிப்போடறேனுங்க. வலத்துலயே இது கூட்டத்தைக் கண்டா ஒழுங்கா ஓடாது. பழகாத பக்கத்துல சுத்தமா ஓடாதுங்க. உழவுக்கு வேணும்னா கொண்டுட்டுப் போங்க."

"ஓடுச்சுன்னா?"

"ஓடுச்சுன்னா உங்க மாடுங்க. நீங்க சொல்ற விலைக்கே புடிச்சுக்குங்க. இது என் வாக்கு."

தவளை தன் வாயால் கெடும் என்பது இதுதான். சுற்றி நின்ற நாலைந்து பேர் அந்த வாக்கைக் கேட்டார்கள். ராசாத்தாளும் கேட்டாள். அவள் கை காரியின் கழுத்தில் இருந்தது. அந்தக் கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.

சந்தைக்கு வெளியே, அறுவடை முடிந்த காட்டில் வண்டிகள் ஓட்டிப் பார்க்க ஒரு தடம் இருந்தது. தமிழ்ச்செல்வனின் வெள்ளைக் காளையை வலப்பக்கமும் காரியை இடப்பக்கமும் பூட்டினார்கள். செங்கோடன் தடத்து ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மைக்குக்காரன் சொன்னது காதில் ஓடியது. சரியாக அந்த நேரம் பார்த்து, கோயிலுக்குப் போகிற ஒரு கூட்டம் பம்பை அடித்துக்கொண்டு தடத்தின் இடப்பக்கமாக வந்தது. முடிந்தது கதை என்று நினைத்தார்.

வண்டி கிளம்பியது. காரி இடது காலை முன்னால் எடுத்து வைத்தது. அதைச் செங்கோடன் பார்த்தார். மூன்று வருடமாகக் கண் முன்னால் நடந்ததை அன்றுதான் பார்த்தார். பம்பைக்காரர்களை நெருங்கும்போது காரியின் காது அந்தப் பக்கம் திரும்பியது. இடது கண் ஒருமுறை அவர்களைப் பார்த்தது. கழுத்து வளையவில்லை. கால் தடம் மாறவில்லை. பார்த்தபடியே ஓடியது. அதன் பயம் எங்கும் போய்விடவில்லை. காதில் அது தெரிந்தது. ஆனால் எதற்குப் பயப்படுகிறதோ அதைப் பார்க்க முடிந்தது, அது போதுமாக இருந்தது. வண்டி தடத்தின் கடைசிவரை நூல் பிடித்தாற்போல் போய்த் திரும்பியது.

செங்கோடனுக்கு அப்போதுதான் உறைத்தது. நுகத்தில் வலப்பக்கம் பூட்டினால் காரியின் இடது கண்ணுக்கு நேரே மயிலை மலைபோல நிற்கும். கூட்டம் இருப்பது மறுபக்கம். அந்தக் கூட்டத்தை இடது கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தை முழுக்க வளைத்துத்தான் ஆக வேண்டும். வளைத்தால் வண்டி தடம் மாறத்தானே செய்யும்? அது பாவம் பஞ்சுமிட்டாய்க்குப் போகவில்லை. தன்னைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் போயிருக்கிறது. மரியாதை என்று சொல்லி, மூன்று வருடமாக அதன் கண்ணைக் கட்டி ஓட்டியிருக்கிறார். கோழை என்று பட்டமும் கொடுத்திருக்கிறார். மாட்டின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

வண்டியிலிருந்து குதித்த தமிழ்ச்செல்வன் முகமெல்லாம் பல்லாக வந்தார். "என்னங்க இப்பிடி ஏமாத்திப்போட்டீங்க! இது பொறவியிலயே இடத்து மாடுங்க. விலை நான் சொல்லோணுமா, நீங்களே சொல்றீங்களா?"

வாக்குக் கொடுத்தாயிற்று. நாலு பேர் கேட்டாயிற்று. செங்கோடன் வாழ்நாளில் வாக்கு மாறியதில்லை. ஆனால் இப்போது அந்தக் காளையை விட்டுவிட்டு வெறும் வண்டியோடு காரமடைக்குத் திரும்ப மனசு வரவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு வேறு வழியில்லாமல் உண்மையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நான் ஒரு தப்புப் பண்ணிப்போட்டேனுங்க. இது எம்மாடே இல்ல. அம்மணிக்குப் பொறந்த ஊட்டுலருந்து வந்த சீரு. அவளை ஒரு வார்த்தை கேக்காமக் கொண்டாந்தேன், கேக்காமயே வாக்கும் குடுத்தேன். நாயமாப் பாத்தா, சொல்ல வேண்டியது அவதானுங்க."

எல்லோரும் ராசாத்தாளைப் பார்த்தார்கள். அவள் உடனே 'விக்கலீங்க' என்று சொல்லிவிடுவாள் என்று செங்கோடன் நம்பினார். அவள் சொல்லவில்லை. தமிழ்ச்செல்வன் பக்கம் திரும்பினாள்.

"உங்க ஊட்டுல இதை எந்தப் பக்கமுங்க கட்டுவீங்க?"

"இடப்பக்கம்தானுங்க அக்கா. கட்டுத்தரையிலயும் அப்பிடித்தான்."

"நம்மூட்டுல எந்தப் பக்கமுங்க?" என்று புருஷனைக் கேட்டாள்.

அத்தனை பேர் நடுவில் அந்தக் கேள்வி. இடப்பக்கம் என்று செங்கோடனுக்கு நாக்கு வரை வந்துவிட்டது. ஆனால் நஞ்சப்பனின் முகம் குறுக்கே வந்து நின்றது. அடுத்த ரேக்ளாவில் தன் சீர் மாடு இடப்பக்கம் நிற்பதைப் பார்த்தால் அந்த மனிதர் என்ன நினைப்பார்?

"மச்சானை ஒரு வார்த்தை..." என்று இழுத்தார்.

"கேளுங்க," என்றாள் ராசாத்தாள். தன் செல்போனிலேயே அண்ணனை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, புருஷன் கையில் கொடுத்தாள்.

"மச்சான், நல்லா இருக்கீங்களா? மழை உண்டுங்களா?" என்று ஆரம்பித்தார் செங்கோடன். கழுத்தில் கத்தி இருந்தாலும் மழையை விசாரிக்காமல் அவரால் விஷயத்துக்கு வர முடியாது. "ஒண்ணுமில்லீங்க. நீங்க தப்பா நினைக்கக் கூடாது. நம்ம காரியை... இடப்பக்கம் மாத்திப் பூட்டலாம்னு ஒரு யோசனைங்க."

மறுமுனையில் நஞ்சப்பன் ஒரு பெருமூச்சு விட்டது சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

"பண்ணுங்க மாப்ளே, மொதல்ல அதைப் பண்ணுங்க! அது கன்னுக்குட்டியிலருந்தே இடத்து மாடுங்க. நான் இடத்துலதான் பழக்குனேன்."

செங்கோடன் போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். "அப்பறம் ஏனுங்க மச்சான் சொல்லவே இல்ல? ஒவ்வொரு பந்தயத்துக்கும் வந்து நின்னீங்களே!"

"எப்பிடீங்க சொல்றது? நீங்க அம்புட்டு மரியாதையா வலப்பக்கம் பூட்டியிருந்தீங்க. மாப்ளை செஞ்சதைக் குத்தம் சொன்ன மாதிரி ஆயிப்போகாதுங்களா? நீங்களாக் கேப்பீங்கன்னு பாத்தேன்."

கூட்டத்தில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். தமிழ்ச்செல்வன் வாயில் துண்டை வைத்துக்கொண்டார். கடைசியில் செங்கோடனுக்கே சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் நீர் கட்டிக்கொண்டு வந்த சிரிப்பு. இரண்டு பெரிய மனிதர்கள் ஒருவரை ஒருவர் மதித்த மதிப்பில், நடுவில் ஒரு வாயில்லாச் சீவன் மூன்று வருடம் திண்டாடியிருக்கிறது.

"அம்மணி," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "நம்மூட்டுல அது இடப்பக்கம்தான். நுகத்துலயும், கட்டுத்தரையிலயும். போதுமா?"

ராசாத்தாள் காரியின் கழுத்தில் திரும்பக் கையை வைத்தாள். "அப்ப ஊட்டுக்கே வரட்டுங்க," என்றாள். தமிழ்ச்செல்வனிடம், "தப்பா நினைக்காதீங்க தம்பி. நீங்க ஓட்டிக் காட்டலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது," என்றாள்.

"நாயம்தானுங்க அக்கா. சீரு மாட்டைக் கேட்டா எங்கூட்டுலயே என்னைச் சேத்த மாட்டாங்க," என்றார் அவர். "தடத்துல பாக்கலாமுங்க." கொஞ்சம் ஏக்கத்தோடு காரியின் முதுகைத் தட்டிவிட்டுப் போனார்.

திரும்பும் வழியில் வண்டி கோபியைத் தாண்டியது. பின்னால் காரியை இந்தப் பக்கம்தான் பார்க்க வேண்டும் என்று செங்கோடன் இறுக்கிக் கட்டவில்லை. கயிற்றை நீளமாக விட்டுவிட்டார். அது பழையபடி தலையைப் பின்னால் வைத்து, எதிரே வருகிற உலகத்தை இடது கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தது. வாய்க்கால் ஓரம் நெல் நாற்றுப் பச்சை. வெயில் இறங்கிவிட்டது.

தவிடு கலக்கிக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலம் அவருக்கு ஞாபகம் வந்தது. எடது கண்ணு, எடது காலு. எல்லாவற்றையும் அவள் சொல்லியிருக்கிறாள். 'சரி, சரி' என்று இவரும் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால், கிணற்று மோட்டார் வாங்கும்போது ஏதோ சொன்னாள். வீடு கட்டும்போது சமையலறை சன்னலைப் பற்றி ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள்? எவ்வளவு யோசித்தும் தன் 'சரி, சரி'தான் ஞாபகம் வந்ததே தவிர, அவள் சொன்னது வரவில்லை.

"ஏம் அம்மணி," என்றார் ரோட்டைப் பார்த்தபடி. "இத்தனை வருசத்துல நீ சொல்லி நான் காதுல வாங்காம உட்டது வேற என்னென்ன?"

ராசாத்தாள் சன்னல் கண்ணாடியை ஏற்றினாள். காற்றுச் சத்தம் நின்றது. சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகி, அவர் பக்கமாகத் திரும்பி வாகாக உட்கார்ந்தாள்.

"வண்டியை மெதுவாவே ஓட்டுங்க," என்றாள். "ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள சொல்லி முடியாதுங்க."